அவர் பைக்கும் அதே கயிறு

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. போன ஞாயிறு ஆற்றில் நனைந்த பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, வாயைத் திறந்துகொண்டு. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இன்று நடைக்குப் போகவில்லை. தலைவலி என்று குரூப்பில் போட்டேன். தலைவலி இல்லை.

போன ஞாயிறு நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாள் போகப்போக நானே "பரவாயில்லை, தமாஷ்தானே" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன். என் சுபாவம் அப்படி. இந்தத் தடவை கூடாது.

எங்கள் ஞாயிறு நடைக்காரர்கள் எட்டுப் பேர். தலைவர் குணசேகரன், பென்னாகரத்தில் உரக்கடை. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தானாகவே தலைவர். இனி இந்த நோட்டில் வெறும் கு. முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை. நடை தொடங்குமுன் டீக்கடையில் ஒவ்வொருவர் பையையும் கொக்கித் தராசில் தொங்கவிடுவது கு. போட்ட சட்டம். மீன்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தத் தராசு. கனமான பைக்காரர் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். அதனால் எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் கனப் பைத்தியம். பல்துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

என் பை நானே தைத்தது. பாராசூட் துணி. வெறும் பை இரண்டு பெரிய தக்காளி கனம்தான் இருக்கும். மேல்வாய்க்குச் சுருக்குக் கயிறு. முதலில் பாவாடை நாடாதான் கோத்திருந்தேன். கனம் குறைக்கிறேன் என்று அதை உருவிவிட்டு மெல்லிசு நைலான் கயிறு, பழைய மழைக்கோட்டிலிருந்து எடுத்த ஸ்பிரிங் பூட்டு. நனைந்தால் அந்தக் கயிற்றில் அந்தப் பூட்டு நிற்காது என்று எனக்குத் தெரியாது.

ஒகேனக்கல். பரிசலில் லைப் ஜாக்கெட் மாட்ட வேண்டும் என்பதால் எல்லாரும் பையைக் கழற்றி மடியில் வைத்திருந்தோம். அருவிச் சாரல் அடித்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. என் பை விளிம்பில் சாய்ந்தது, வாய் பிளந்தது, உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீரில்.

மிதந்தவை: மாற்று ரவிக்கை. உள்பாவாடை. எண்ணெய் டப்பி. நாப்கின் நாலு.

நாப்கினை எப்போதும் பேப்பரில் சுற்றித்தான் வைப்பேன். அன்றைக்குப் பேப்பர் கனம் என்று எடுத்துவிட்டேன். பேப்பருக்கு என்ன கனம்! புத்தி.

கு. போனை எடுத்தார். "சுமதி மேடத்தோட கப்பல் படை கெளம்பிடுச்சு பாருங்க!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பரிசல்காரர்கூட. என் வீட்டுக்காரர் மாதேஷும் சிரித்தார், அப்புறம் மீன் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. ஏரியூரில் டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையை நீட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் துப்பட்டாவில் சுற்றி என் மடியில் வைத்தாள்.

சாயங்காலமே வீடியோ குரூப்பில் வந்துவிட்டது. சினிமாப் பாட்டு வேறு சேர்த்து.

விடமாட்டேன்.


செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். கடையில் கூட்டம். காய்ச்சல் மாத்திரைதான் அதிகம் போகிறது.

பதினோரு மணி வாக்கில் ஒரு பையன் வந்தான், முகம் தெரியாதவன். நாப்கின் பாக்கெட் கேட்டான். எடுத்துப் பேப்பரில் சுற்றினேன். வாங்கிக்கொண்டு, "ஏங்க்கா, இது தண்ணியில மெதக்குங்களா?" என்றான். வெளியே பைக்கில் இருந்த இன்னொருவன் குனிந்து சிரித்தான்.

ஆக, குரூப்பை விட்டு வெளியே போய்விட்டது. இந்த ஊரில் இனி நான் மருந்துக்கடை சுமதி இல்லை, கப்பல் படை சுமதி.

மத்தியானம் கு.வுக்குப் போன் போட்டேன். குரல் நடுங்கக் கூடாது என்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போட்டேன்.

"அந்த வீடியோவ எல்லாரையும் அழிக்கச் சொல்லிடுங்க சார்."

"அட, தமாசுங்க மேடம்! நம்ம குரூப்பு ஒரு குடும்பம் மாதிரி. இதுக்கெல்லாமா கோவிச்சிக்குவாங்க? ஸ்போர்ட்டிவா எடுத்துக்கங்க."

ஸ்போர்ட்டிவ்!

மாதேஷிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வுடு சுமதி. நாலு நாளு போனா மறந்துடுவாங்க. அவருகிட்ட போயி மல்லுக்கு நிக்க முடியுமா?" என்றார். சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். கேட்கக்கூட இல்லை.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுதிவிடுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

கு. மாதாமாதம் எங்கள் கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்குகிறார். போன வருஷம் சேலத்தில் ஏதோ ஆபரேஷன். அதற்கப்புறம்தான். "அம்மாவுக்கு" என்று சொல்வார். அவர் அம்மா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எங்கள் கடைச் சுவரில்தான் ஒட்டினார்கள். அடுத்த மாதமும் "அம்மாவுக்கு" என்றார். நானும் தலையாட்டினேன். பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, யாருக்கும் தெரியாமல் கொடுத்தேன்.

ஒரு வார்த்தை. டீக்கடையில் ஒரே ஒரு வார்த்தை போதும்.

சொல்லமாட்டேன். கடையில் தெரிந்தது கடையோடு. அதை வெளியே விட்டால் அப்புறம் இந்தக் கவுண்டரில் நிற்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் நாக்கு நுனியில் இருக்கிறது. நாள் முழுக்க இருக்கிறது.


செப்டம்பர் 14, ஞாயிறு

மேகமூட்டம். நடைக்குப் போகவில்லை. தலைவலி (மறுபடியும்).

முதல் வேலை, என் பைக்குச் சரியான மேல்வாய். இனிமேல் என் பை எவன் முன்னாலும் திறக்கக் கூடாது. ஆறே கவிழ்ந்தாலும்.

சோதனைக்குப் பொரி. ஒரு பிடி பொரியைப் பையில் போட்டு, வாயை மூடி, கொல்லையில் கவிழ்த்து வைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரம் பட்டால் பொரி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜிப்: பெரிய பல் வைத்தது தைத்தேன். பொரி முக்கால்வாசி மொறுமொறுப்பு. ஆனால் ஆற்று மணல் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், நடுவில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். ஜிப்பை ஓட்டுகிற பிடி கையோடு வந்துவிட்டது. கனமும் அதிகம். வேண்டாம்.

மூடி (ஸ்கூல் பை மாதிரி மேலே கவிழ்கிறது): துணி நிறையப் பிடிக்கிறது. பக்கவாட்டில் தண்ணீர் ஏறிவிடுகிறது. பொரி சவசவ.

ஒட்டுப்பட்டை (பர் பர் என்று பிரியுமே): நனைந்ததும் பிடி போய்விட்டது. அதோடு திறக்கும்போது அந்தச் சத்தம். இன்னொரு தடவை ஊரைக் கூட்ட எனக்கு இஷ்டமில்லை.

சுருக்குக் கயிறு, பழையபடி: சோதிக்கவே வேண்டாம். ஆறே சோதித்துவிட்டது.

மாதேஷ் வந்து எட்டிப் பார்த்து, "பொரியெல்லாம் இப்படி வீணாக்கறியே" என்றார். "உங்க சிரிப்பவுட வீண் இல்ல" என்றேன். போய்விட்டார். பாவமாக இல்லை.


செப்டம்பர் 16, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! கடையிலேயே இருந்திருக்கிறது, தினம் நூறு தடவை என் கையாலேயே செய்கிறேன்.

மாத்திரைக் கவர். மருந்தைப் போட்டு, வாயை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இன்னொன்று, அப்புறம் ஸ்டேப்ளர் பின். தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. பைக்கும் அதேதான். மேல்வாயை உயரமாக விட்டு, சுருட்டிச் சுருட்டிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் கிளிப்பால் பூட்டுவது.

சுருட்ட வேண்டுமென்றால் விளிம்பு விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசங்கிக்கொள்ளும். கம்பி வைத்தால் துரு. மருந்துப் பெட்டிகளைக் கட்டி வருகிற மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை! கனமே இல்லை. கடைப் பையனிடம் குப்பைக்கு வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிளிப்: அறுந்துபோன ஹெல்மெட் வாரிலிருந்து.

இரண்டு முனையையும் ஒன்றோடொன்று பூட்டுவதா, கீழே இறக்கி இரு பக்கமும் தனித்தனியாகப் பூட்டுவதா? பக்கத்துக்கு ஒன்று என்றால் இரண்டு கிளிப், கனம். ஒன்றோடொன்று பூட்டினால் தூக்கப் பிடியும் ஆகிறது. அதுவே.

இன்றைக்குப் பூராவும் கு.வை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் நினைவு வந்தது. வந்ததும் பழையபடி எரிகிறது.


செப்டம்பர் 17, புதன்

நல்ல வெயில். கு. கடைக்கு வந்தார். சிரித்த முகம். என்னை ஒன்றுமே செய்யாதவர் மாதிரி.

கவுண்டரில் ஆள் கலைகிறவரை இருமல் மிட்டாய்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குரலை இறக்கி, "அம்மாவுக்கு" என்றார். எடுத்தேன், சுற்றினேன், கறுப்பு கவர்.

போகவில்லை. நின்றார்.

"மேடம், உங்க பை எவ்ளோ லேசு! போன தடவ தராசுல முள்ளே நவுரல. எனக்கும் அதேமாரி ஒண்ணு தச்சிக் குடுங்களேன். துணி என்னா வேணுமோ நான் வாங்கித் தரேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னிடமே கேட்கிறார். அந்தப் பையை ஊரே பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டு, அதே பையைக் கேட்கிறார்! இவருக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

"மேல்வாய் எப்படி வேணும் சார்?"

"அதெல்லாம் எனக்கு என்னா தெரியும்? டக்குனு தொறக்கணும், டக்குனு மூடணும். அவ்ளோதான்."

"டக்குனு தொறக்கும் சார்" என்றேன்.

தைக்கிறேன். அதே கயிறு. அதே பூட்டு. என் பழைய பையிலிருந்து உருவி அவர் பையில் கோத்துத் தருகிறேன். பொய் இல்லை, ஏமாற்று இல்லை. அவர் பார்த்து ரசித்து ஊருக்கெல்லாம் காட்டிய அதே வாய். அடுத்த ஒகேனக்கல் நடையில் அவர் வேட்டி, துண்டு, ஜட்டி எல்லாம் ஆற்றைச் சுற்றி வரட்டும். அப்போது என் கையில் போன் இருக்கும். பாட்டுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பணியாரம் சுட்டேன். மாதேஷ் பயந்துபோய்ப் பார்த்தார்.


செப்டம்பர் 21, ஞாயிறு

எனக்குப் புதிதாக ஒன்று, அவருக்கு ஒன்று, இரண்டு பையும் ஒரே நாளில் வெட்டினேன். ஒரே நீலத் துணி. தோள்வாருக்கு ஒரே பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

என் பையில் முதலில் மேல்வாய் உயரம் பத்தவில்லை. ஒரு சுருட்டோடு நின்றுவிட்டது. பிரித்து, ஒரு சாண் துணி ஒட்டுப்போட்டேன். இப்போது மூன்று சுற்று. கனம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அவர் பைக்குத் தையல் ஒவ்வொன்றும் இரட்டை. அடிப்பக்கம் மூன்று ஓட்டு. தோள்வார் யானையைத் தொங்கவிட்டாலும் தாங்கும். யாரும் என் தையலைக் குறை சொல்லிவிடக் கூடாது. வாய் ஒன்றுதான்.

மத்தியானம் மஞ்சு வந்தாள், அவரைக்காய் கொண்டுவந்தாள். கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. அன்றைக்கு அந்த வாயிலிருந்து கொட்டியதையெல்லாம் தண்ணீரிலிருந்து எடுத்தவளே அவள்தானே.

"இது யாருக்குங்க்கா?"

"குணா சாருக்கு."

"இந்தக் கயிறா?"

"டக்குனு தொறக்கணும்னு கேட்டாரு."

அவள் வீட்டில் கன்னடம். கோபமோ பயமோ வந்தால் அதுதான் முதலில் வாயில் வரும். "பேடா அக்கா" என்றாள். அப்புறம் தமிழிலும் ஒரு தடவை: "வேணாங்க்கா. அந்தாளு மாதிரி நீங்களும் ஆவணுமா?"

"அந்தாளு மாதிரி ஒரே ஒரு நாளைக்கு ஆயிட்டுத் திரும்பி வந்துடறேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவரைக்காயை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பெண். நல்ல பெண்களை நினைத்தால் இன்றைக்கு எரிச்சலாக வருகிறது.


செப்டம்பர் 23, செவ்வாய்

கடைக்குப் போகுமுன் சோதனை. இரண்டு பையிலும் பொரி.

என் பை: கவிழ்த்தேன், குடம் குடமாக ஊற்றினேன், தொட்டியில் முக்கினேன். பொரி ஒவ்வொன்றும் மொறுமொறு. அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் பை: முதல் செம்பிலேயே பூட்டு வழுக்க ஆரம்பித்தது. இரண்டாம் செம்பில் கொல்லை பூராவும் பொரி. பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன.

உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதி.


செப்டம்பர் 28, ஞாயிறு

நடைக்குப் போனேன். மழை இல்லை. மேட்டுக்காட்டு வழி, கேழ்வரகு கதிர் பிடித்திருக்கிறது.

பையைக் கொடுத்தேன். கு. தராசில் தொங்கவிட்டு எல்லாருக்கும் காட்டினார். "கை வச்சா தங்கம்யா மேடத்துக்கு!" தோளில் மாட்டிக்கொண்டு ஆறு விதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். கயிற்றை இழுத்தார், திறந்தார், இழுத்தார், மூடினார். சின்னப் பிள்ளை மாதிரி. காய்ந்திருக்கும்போது அந்தப் பூட்டு அருமையாக வேலை செய்யும். அது எனக்குத் தெரியும்.

கனமான பை என்னுடையதுதான் இன்று. இரும்புப் பெட்டியாட்டம் மூடியிருக்கிறது, அதனால். டீ வாங்கினேன். "என்னா மேடம், வாயக் கட்டிப் போட்டுட்டீங்க போலக்குது?" என்றார் கு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க முடிந்தது.

ஒகேனக்கல் எப்போது என்று கேட்டேன். கர்நாடகத்தில் மழை, தண்ணீர் அதிகம், பரிசலுக்குத் தடையாம்.

தடை! அங்கே மழை பெய்யாமல் இருக்க நான் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊரெல்லாம் மழை வேண்டுமென்று கேட்கிற நேரத்தில்.


அக்டோபர் 3, வெள்ளி

தடை எடுத்துவிட்டார்கள். குரூப்பில் கு.: "வரும் ஞாயிறு ஒகேனக்கல். அனைவரும் வருக. கப்பல் படையும் வருக." கீழே சிரிப்பு பொம்மைகள் வரிசையாக. மஞ்சு ஒன்றும் போடவில்லை. மாதேஷ் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு அழித்திருக்கிறார். அழித்தது தெரிகிறது.

போனில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய வீடியோக்களை அழித்து இடம் செய்துகொண்டேன். சார்ஜர். கை நடுங்காமல் பிடித்துப் பழகினேன், கோழிகளை வைத்து.


அக்டோபர் 5, ஞாயிறு

கை இன்னும் எரிகிறது. உள்ளங்கையில் கயிறு பதிந்த கோடு. நடந்ததை நடந்தபடி.

காலை பஸ்ஸில் போனோம். வெயில், காற்று. மீன் வறுவல் கடைகளைத் தாண்டும்போதே கு. எட்டுத் தட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டார், திரும்பி வந்து சாப்பிட. எட்டுப் பேர், இரண்டு பரிசல். நான், மஞ்சு, மாதேஷ், கு. ஒன்றில். நானே அப்படி அமைத்துக்கொண்டேன். அவருக்கு எதிரே.

பரிசல்காரர், "நடுவாந்திரத்துல குந்துங்க, ஆடாதீங்க" என்றார். லைப் ஜாக்கெட் மாட்டினோம். பைகள் மடியில். என் பை மூன்று சுற்றுச் சுற்றிப் பூட்டியிருந்தது. போனை வெளியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

அங்கேதான் எல்லாம் மாறியது. கு. தன் பையை என் மடியில் வைத்தார்.

"கொஞ்சம் புடிச்சிக்கங்க மேடம். எனக்கு ரெண்டு கையும் வேணும், வீடியோ எடுக்கணும். நீங்க தச்சதுதானே, உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? வாங்கிக்கொண்டேன். போன் என் பைக்கும் அவர் பைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

இத்தனை யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. அவர் பை கவிழ்ந்தால் இப்போது என் மடியிலிருந்துதான் கவிழும். ஊர் என்ன சொல்லும்? சுமதி மறுபடியும் கொட்டிவிட்டாள். அவ்வளவுதான்.

பாறைச் சந்தில் நுழைந்ததும் சாரல். கயிறு நனைந்தது. பூட்டு வழுக்குகிறதை விரலிலேயே உணர்ந்தேன். நான் செய்தது, நான் சோதித்தது, சொன்னபடி நடக்கிறது. வாய் விரிந்தது. உள்ளே பார்த்தேன்.

மேலாக ஒரு துண்டு. அதற்குக் கீழே மூன்று டயப்பர். நான் கொடுத்ததுதான். நான் சுற்றிய பேப்பர் இல்லை. கனம் என்று எடுத்துவிட்டிருக்கிறார்.

அவரும் என்னை மாதிரியே. பேப்பரை.

சட்டென்று கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி முஷ்டியாகப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. கடைப் பழக்கம். அந்தப் பாக்கெட்டைப் பார்த்தால் என் கை மூடத்தான் செய்யும்.

அப்போது கு. போனை என் பக்கம் திருப்பினார். "மேடம், இந்தத் தடவ கப்பல் படை எப்போ கெளம்புது? ஒரு வார்த்த சொல்லுங்க!" மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டார். பரிசல்காரர், "அக்கா பைய கொழந்தையாட்டம் புடிச்சினு இருக்குது" என்றார்.

ஆசையாக இருந்தது. பொய் எழுதமாட்டேன். ரொம்ப ஆசையாக இருந்தது. விரலை விட்டால் போதும். மூன்றும் வெள்ளை வெளேரென்று சுற்றி வரும், என்னுடையதைவிடப் பெரிசாக. அவர் கையில் போன் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவரே படம் பிடிப்பார். ஒரு மாதமாக நான் கேட்டதற்கு மேல் கிடைத்திருக்கிறது.

பையைத் தூக்கினேன். விளிம்புக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே பிடித்தேன். வாயை அவர் பக்கம் மட்டும் சாய்த்தேன். அவருக்கு மட்டும் உள்ளே தெரிகிற மாதிரி.

"கைய வுட்டுடட்டுங்களா சார்?"

முதலில் சிரித்தார். அப்புறம் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போன் மெல்லக் கீழே இறங்கியது.

"வேணாங்க" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கடையில் "அம்மாவுக்கு" என்கிற குரல்கூட இவ்வளவு சின்னது இல்லை.

"அந்த வீடியோ."

"இங்க டவர் இல்லீங்க. கரைக்குப் போனதும்…"

"செரி. கரை வர்ற வரைக்கும் புடிச்சினு இருக்கேன்."

பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் என் முஷ்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். அருவியைப் பார்க்கவில்லை. பரிசல் ஆடும்போதெல்லாம் அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. நான் வேண்டுமென்றே பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். ஒரு தடவை இல்லை. பல தடவை. எனக்கு வெட்கமாக இல்லை.

கரை ஏறியும் பையைக் கொடுக்கவில்லை. மீன்கடையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் எதிரே நின்றேன், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவர் போனை எடுத்து, ஒரு விரலால், எழுத்து எழுத்தாக அடித்தார். வரிசையாக எல்லார் போனும் சத்தம் போட்டது.

"நான் போட்ட வீடியோவை எல்லாரும் அழித்துவிடவும். வெளியே அனுப்பியவர்கள் அவர்களிடமும் சொல்லவும். நான் செய்தது தப்பு. சுமதி மேடம் மன்னிக்கவும்."

"என்னா சார் திடீர்னு?" என்று யாரோ கேட்டார்கள். "அது தப்புதாங்க" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம்தான் பையைக் கொடுத்தேன். கயிற்றை முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

மீன் நல்ல ருசி. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் மஞ்சு காதருகே வந்து, "அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. என்னக்கா சொன்னீங்க அவருகிட்ட?" என்றாள். "வீடியோவ அழிங்கன்னு சொன்னேன்." "அவ்ளோதானா?" "அவ்ளோதான்." நம்பவில்லை. கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாதேஷ் தானாக உட்கார்ந்து என் உள்ளங்கைக்கு மருந்து போட்டார். "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். ம் என்றேன். அவர் கணக்கு தனி, அவரை இன்னும் விடவில்லை.

கடையில் தெரிந்ததை நான் வெளியே சொல்லவில்லை. பைக்குள் தெரிந்ததைத்தான் காட்டினேன், அதுவும் அவருக்கே. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தூங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.


அக்டோபர் 8, புதன்

பகல் பூராவும் புழுக்கம். கடையில் மின்விசிறி ஒன்று ஓடவில்லை.

கு. வந்தார். தர்மபுரிக்குப் போய் வேறு கடையில் வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தேன். வந்துவிட்டார். கவுண்டரில் நாலு பேர் நின்றார்கள். இந்தத் தடவை ஆள் கலைகிறவரை காத்திருக்கவில்லை. இருமல் மிட்டாயையும் பார்க்கவில்லை.

"எப்பவும் வாங்கறது ஒண்ணுங்க" என்றார். அம்மாவுக்கு என்று சொல்லவில்லை.

எடுத்து வைத்தேன். கவுண்டர் மேலே, வெறும் பாக்கெட். பக்கத்தில் நின்ற அம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்புறம் தன் மாத்திரைச் சீட்டைப் பார்த்தாள்.

"கறுப்பு கவரு…" என்றார்.

"கவரு தீந்துடுச்சுங்க சார்."

நின்றார். கழுத்தில் வியர்வை. நானும் நின்றேன். மின்விசிறி இல்லாத பக்கம் அது. அவர் கெஞ்சவில்லை, பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை.

பழைய பேப்பரை இழுத்தேன். நடுவில் வைத்து, மேல்வாயை ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. இரண்டு முனையையும் மடக்கி ஒட்டினேன். கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார். போகாமல், "அந்தப் பைக்கு வாய மாத்தித் தர முடியுங்களா? உங்களுது மாதிரி" என்றார்.

"கொண்டாங்க. பாக்கலாம்."

பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

பேப்பர்ப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். டீக்கடையில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பாமல் போனார். அவர் கார் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்பு கவர் ஒரு முழுக் கட்டு, பிரிக்காதது, என் காலடியிலேயே கிடந்தது.